பிளாஸ்மா நிறம் மாறிய நாள்: உங்களுக்கும் நடந்ததா?

கோட்டையூர்க்காரி:
இரண்டு வருஷமாக இது என்னை அரிக்கிறது. காரைக்குடியில் ஒரு லேபில் ப்ராஜெக்ட். ஃபியூவல் செல்லில் ஆக்சிஜனைத் தண்ணீராக்கும் வினைக்குப் பிளாட்டினத்துக்குப் பதிலாகப் போடுகிற, வழக்கமான இரும்பு-நைட்ரஜன்-கார்பன் கேட்டலிஸ்ட்தான் (வினையூக்கி). 900 டிகிரியில் சுட்ட கரும்பொடியை ஆர்கான் பிளாஸ்மாவில் (மின்சாரத்தால் ஒளிரும் ஆர்கான் வாயுவில்) ஐந்து நிமிஷம் காட்டி எடுப்பது என் வேலை. மே மாத மதியம், கரண்ட் போய் வந்தது. வெற்றிட பம்ப்பை மறுபடி ஓடவிட்டு, பிளாஸ்மாவை உண்டாக்கும் 13.56 மெகாஹெர்ட்ஸ் ஜெனரேட்டரைப் போட்டேன். ஜன்னலில் கத்தரிப்பூ நிறம் தெரிய வேண்டும். தெரிந்தது ரோஸ். ஓரிங்கில் (மூடியை அடைக்கும் ரப்பர் வளையத்தில்) காற்று கசிகிறது என்று புரிந்தும் நிறுத்தவில்லை. ஐந்து நிமிஷமும் அந்த ரோஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பொடியைச் சுழலும் எலக்ட்ரோடில் பூசி, நிமிஷத்துக்கு 1600 சுற்றில் ஓட்டி அளந்தால் அந்தச் சாம்பிள்தான் மற்ற எல்லாவற்றையும் தாண்டியது. அரை அலை மின்னழுத்தம் (இது கூடினால் கேட்டலிஸ்ட் நல்லது என்று அர்த்தம்) 40 மில்லிவோல்ட் கூடுதல்! பிறகு வேண்டுமென்றே காற்று விட்டு எட்டுத் தடவை செய்து பார்த்தேன். ஒரு தடவைகூட அந்தக் கூடுதல் வரவில்லை.

ரஸ்தாக்காரன்:
எனக்குத் தண்ணீர்த் துளி. ஃபியூவல் செல்லில் வைக்கிற கார்பன் நார்த் தாளில் (கார்பன் பேப்பர்) விட்டால், எண்ணெய் தடவிய பணியாரச் சட்டியில் தெறித்த துளி மாதிரி உருண்டு நிற்கும். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் ஒரு நிமிஷம் காட்டிவிட்டு விட்டேன், உள்ளே போய்விட்டது, தடம்கூட இல்லை. சந்தோஷத்தில் அதையே செல்லில் வைத்தோம். கேத்தோடில் (ஆக்சிஜன் வந்து சேரும் பக்கம்) உண்டாகும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, அரை மணியில் வோல்டேஜ் படுத்துவிட்டது.

பள்ளத்தூர் வாசி:
ரஸ்தா அண்ணே, உங்கள் கதை பேப்பரைப் பற்றியது, தங்கச்சி கேட்பது பொடியைப் பற்றி. இரண்டையும் குழப்பாதீர்கள். எனக்கும் ஒரு தடவை ரோஸ் வந்தது, சாம்பிளைத் தூக்கிப் போட்டேன், அவ்வளவுதான்.

தங்கச்சி, காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன், ரோஸ் அதனால். கூட வரும் ஆக்சிஜன் கார்பனை அரித்துக் குறைகள் உண்டாக்கும். கொஞ்சம் அரித்தால் நல்லது. அதிகமானால் வினை நடக்கிற இடமே, அதாவது இரும்பைச் சுற்றி நிற்கும் நான்கு நைட்ரஜனும் கலைந்துபோகும். பொடியைத் தட்டில் குவித்து வைத்தால் மேல் தோலுக்கு மட்டும்தான் பிளாஸ்மா படும். வற்றல் காயப்போடுகிற மாதிரி பரப்பி, நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். எடுத்த அன்றே அளந்துவிடுங்கள், வெளிக்காற்றில் கிடந்தால் மேற்பரப்பு மாறிவிடும். அப்புறம் முக்கியமான கேள்வி: அளக்கும்போது கவுண்டர் எலக்ட்ரோடு (மின்சுற்றை முடிக்கும் எதிர் எலக்ட்ரோடு) என்ன போட்டீர்கள்? பிளாட்டினக் கம்பியா? அமிலத்தில் அது கரைந்து உங்கள் கேட்டலிஸ்ட் மேலேயே படியும். பிளாட்டினமே இல்லை என்று நாம் எழுதிக்கொண்டிருப்போம், வேலை செய்வது அதுவாக இருக்கும்.

கோட்டையூர்க்காரி:
சார், கிளறவெல்லாம் கிளறினேன்.

பழைய நோட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பெர்குளோரிக் அமிலம். அன்றைக்குப் பிளாட்டினக் கம்பிதான். அடுத்த வாரம் அதை யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள். மற்ற எட்டும் கிராஃபைட் குச்சியில் எடுத்தது.