மறு: மறு: மறு: ஆர்கானிக் ரீச்சுக்கு தமிழ்ல என்ன?

எல்லாருக்கும் வணக்கம்.

ஆர்கானிக் ரீச்சு, அதாவது விளம்பரக் காசு கட்டாம ஒரு பதிவு எத்தன பேருக்குப் போயிச் சேருதுங்க கணக்கு, அதுக்கு தமிழ்ச் சொல்லு தேடுத இந்த இழைய மூணு நாளா வாசிச்சிட்டு வாயத் தொறக்காமத்தான் இருந்தேன், ஆனா நேத்து ராத்திரி கோவில்பட்டி ஐயா "கரிமச் சென்றடைவு"ன்னு ஒண்ணப் போட்டு, அதுக்கு நாலு பேரு ஆமா ஆமான்னு தலையாட்டவும், இனியும் சும்மா இருந்தா அது நம்ம கலைச்சொல்லு அட்டவணையில ஏறிரும்ங்க பயத்துல எழுதுதேன். ஐயா கோவிச்சுக்கிடப்படாது. கரிமம்னா கார்பன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கரிம வேதியியல் ஆனது சரிதான், அங்க நெசமாவே கார்பன் இருக்கு. ஒரு பாய்க்கடைக்காரரு போட்ட போட்டோவ காசு குடுக்காம எத்தன பேரு பாத்தாவங்கதுக்குள்ள கார்பன் எங்கன வந்துச்சு? வெறகு மண்டில வேணா இருக்கும்.

வீரவநல்லூர் டீச்சர் சொன்ன "இயற்கை வீச்சு" காதுக்கு நல்லா இருந்துச்சு, அதனால எங்க மைனிகிட்ட சொல்லிப் பாத்தேன். (ஒரு சொல்லு தேறுமா தேறாதான்னு நான் பாக்குறது மைனிகிட்டத்தான். அவிய வீட்ல வச்சு வடகம், மோர்மிளகா, கருவாட்டுப் பொடி எல்லாம் செஞ்சு விக்காவ, ஒரு தளத்துல பக்கம் வச்சிருக்காவ, எந்தத் தளம்ங்கது இங்க முக்கியமில்ல.) கேட்டுட்டு ஒரு நிமிசம் என்னையவே பாத்தாவ. "இயற்கை வீச்சா? கருவாட்டுப் பாக்கெட்டுல இத ஒட்டி வச்சா ஒரு பயலாவது வாங்குவானால?" டீச்சர், நம்ம பக்கம் வீச்சம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. சென்னைல எழுதுதவங்களுக்கு வீச்சு பரவாயில்லாம இருக்கலாம், இங்கன மூக்கப் பொத்துவாவ.

அது கெடக்கட்டும், வீச்ச மாத்திக்கிடலாம். எனக்கு ஒத்துக்கிட முடியாதது அந்த "இயற்கை"தான். இயற்கை விவசாயம் சொல்லிக்குடுத்த நம்மாழ்வார் ஐயா புண்ணியத்துல இயற்கைன்னு சொன்னாலே மருந்து அடிக்காதது, மனுசன் கை வச்சுக் கெடுக்காததுன்னு சனங்க மனசுல பதிஞ்சு போச்சு. அந்தச் சொல்ல இங்க கொண்டாந்து வச்சா, மழை பெய்யுத மாரி இதுவும் தானா நடக்குது, ஒரு வருசம் பெய்யும் ஒரு வருசம் பொய்க்கும்னு ஆயிரும். கடைக்காரனும் "நம்ம நேரம்"னு நெத்தியத் தடவிட்டு உக்காந்திருவான். இதுல இயற்கை எதுவும் கெடையாது, ஆரம்பத்துலேந்தே ஒரு கை இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போயிப் பாப்போம். ஃபேஸ்புக்குல நியூஸ் ஃபீடு, அதான் உள்ள போனதும் பதிவெல்லாம் வரிசையா ஓடுமே, அது வந்தது 2006ல, கடைகண்ணிக்குன்னு தனியா பக்கங்கள் வந்தது 2007 நவம்பர்ல. அப்பெல்லாம் ஆளு கொறைவு, போடுறதும் கொறைவு, போட்டா ஓரளவு எல்லாருக்கும் போயிச் சேந்துச்சு. 2012ல அவங்களே சொன்ன கணக்கு, ஒரு பக்கம் போடுற பதிவு சராசரியா அத விரும்பிச் சேந்தவங்கள்ல 16 சதவீதம் பேருக்குத்தான் போவுதுன்னு. அதே 2012லதான் காசு கட்டி பதிவத் தள்ளுற வசதியும் வந்துச்சு, அதே வருசம் மே மாசம் கம்பெனி பங்குச் சந்தைக்கும் போச்சு. 2014ல ஓகில்விங்க விளம்பரக் கம்பெனி நூத்துக்கு மேல பிராண்டு பக்கங்கள எடுத்துப் பாத்துச்சு. 2013 அக்டோபர்ல 12 சதவீதமா இருந்தது 2014 பிப்ரவரில 6ஆ எறங்கி இருந்துச்சு. நாலே மாசம், பாதி.

அதுக்கு அந்த வருசம் ஜூன்ல ஃபேஸ்புக்கு ஒரு வெளக்கம் குடுத்துச்சு. ஒரு ஆளு உள்ள வரும்போதெல்லாம் சராசரியா 1,500 பதிவு அவருக்குக் காட்டத் தயாரா நிக்குது, நாங்க அதுல 300 கிட்டத்தான் பொறுக்கிக் காட்டுதோம், கூட்டம் பெருத்துப் போச்சு, காசுக்காக கொறைக்கலன்னு. கூட்டம் பெருத்தது நெசம், அதுல நான் சண்ட போட வரல. ஆனா 1,500ல 300ஐப் பொறுக்குறது யாரு? நீங்களும் இல்ல நானும் இல்ல. வாய்க்கால்ல தண்ணி கொறைஞ்சது வாஸ்தவந்தான், மடைய, அதான் வாய்க்கால்லேந்து வயலுக்குத் தண்ணி விடுற தெறப்ப, யார் வயலுக்கு எத்தன நாழி தொறக்கணும்னு முடிவு பண்ணுறவரே வாய்க்கால் கரையில மோட்டார் கடையும் தொறந்து வச்சிருக்காரு, அதையும் சேத்துப் பாக்கணும்லா.

இந்த மடைக் கணக்கு என்னோடது இல்ல, மைனியோடது. அவியளுக்கு பொறந்த ஊரு சேரன்மாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். நாலாயிரம் சொச்சம் பேரு பின்தொடருத பக்கத்துல போன மாசம் மோர்மிளகா போட்டோ போட்டு, மறுநாளு பாத்தா நூத்திச் சொச்சம் பேருதான் பாத்திருக்காவ. நான் உக்காந்து அல்காரிதம் அது இதுன்னு வெளக்குனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவிய சொன்னது இதுதான்: "இதுக்கு ஏம்ல இத்தன பேச்சு? முன்ன மடை தொறந்து கெடந்துச்சு, தண்ணி தன்னால பாஞ்சுது. இப்ப மடைய அடச்சுட்டு, வேணும்னா மோட்டார் வச்சு எறைச்சுக்கோங்கான். அதான?"

அதான்.

ஆகவே என் பரிந்துரை: காசு குடுக்காம போய்ச்சேருறதுக்கு மடைப்பாய்வு, காசு குடுத்து தள்ளுறதுக்கு இறைப்பு. நம்ம ஊர்ல ரெண்டு பாசனத்துக்கும் ரெண்டு பேச்சு ஏற்கெனவே இருக்கு. ஆத்து வாய்க்கால்லேந்து பாயுறது ஒண்ணு. கெணத்துலேந்து எறைக்கிறது இன்னொண்ணு, அந்தக் காலத்துல மாடு பூட்டி எறைக்கிற கமலை, இப்ப மோட்டார். நாங்குநேரி ராதாபுரம் பக்கத்து ஆளுங்ககிட்ட கேளுங்க, எறைப்புத் தண்ணிக்கு என்ன செலவுன்னு வெரல் மடக்கிச் சொல்லுவாவ. வாய்க்கால்பாசனக்காரன் அத யோசிக்கவே மாட்டான், மடை அடைபடுத வரைக்கும். இன்னொரு வசதியும் இருக்கு, ஃபீடுக்கு ஓடைன்னு நம்ம ஆளுங்க வலைப்பதிவு காலத்துலயே சொல்லிப் பழகிட்டாங்க. ஓடை இருக்குத எடத்துல மடை வாரது ஒண்ணும் வலிஞ்சு கொண்டாந்தது இல்ல.

"இலவச எட்டல்"னு துபாய் தம்பி சொன்னத ஏன் வேண்டாங்கேன்னா, இலவசம்னா இங்கன மிக்சி கிரைண்டர் ஞாபகந்தான் வரும். 2011ல அரசாங்கமே அந்தச் சொல்லு வேண்டாம்னு விலையில்லா மடிக்கணினின்னு மாத்திக்கிட்டுது. தவிர, மைனி வெடிய வெடிய முழிச்சு போட்டோ எடுத்து எழுதிப் போடுறதுக்கு கூலி இல்லன்னு யாரு சொன்னா?

ரீச்சு, இம்ப்ரெஷன் ரெண்டையும் இழையில போட்டுக் கொழப்பிட்டு இருக்கோம், அதையும் முடிச்சிரலாம். ஒருத்தரு ஒரே பதிவ மூணு வாட்டி பாத்தா ரீச்சு ஒண்ணு, இம்ப்ரெஷன் மூணு. கோயில் கொடைக்கு வரி போடுறப்ப தலைக்கட்டு எண்ணுத மாரி ரீச்சு தலைக்கணக்கு. மத்தது தடவைக்கணக்கு. இதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல.

வாய்க்கால் கடைசியில இருக்குத மடைதான் கடைமடை, அத வச்சு சின்னப் பக்கங்களுக்கு தண்ணி வந்து சேராத நெலமைக்கு "கடைமடை வறட்சி"ன்னும் வச்சுக்கிடலாம்னு தோணுது. யோசிச்சுச் சொல்லுங்க.

பாளையங்கோட்டைலேந்து

---

மறு: மறு: மறு: மறு: ஆர்கானிக் ரீச்சுக்கு தமிழ்ல என்ன?

தம்பிக்கு,

வீச்சு விசயத்துல தோத்துட்டேன், ஒத்துக்கிடுதேன். எங்க வீட்லயும் சிரிச்சாங்க.

மடைப்பாய்வு நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணு விசயம். மொதல்ல, ஒம்பதாங்கிளாஸ் பயலுவகிட்ட மடைன்னு போர்டுல எழுதிப் பாருங்க, அடுத்த நிமிசம் பின்பெஞ்சுல ஒருத்தன் மடையன்னு கூப்பிடுவான், முப்பது வருசமா பாக்கேன். ரெண்டாவது, மதுரைக்கு வடக்க அப்பார்ட்மெண்ட்ல வளந்த பிள்ளைக்கு மடை தெரியுமா?

மூணாவதுதான் முக்கியம். உங்க கடைமடை தப்பு. நீங்களே சொன்ன அந்த ஓகில்வி கணக்குலயே, அஞ்சு லட்சத்துக்கு மேல விருப்பம் வாங்குன பெரிய பக்கங்களுக்கு வெறும் 2 சதவீதந்தான் வந்திருக்கு, பொதுச் சராசரியில மூணுல ஒரு பங்கு. வாய்க்கால்ல தலைமடைக்காரன் நெறைய எடுத்துக்கிட்டு கடைமடைக்காரன் காயுவான், இங்க பெரிய வயலுக்குத்தான் பங்கு கொறையுது. உவமை அழகா இருக்குன்னு உண்மைய வளைக்கப்படாதுல்லா.

இன்னொண்ணு, யாழ்ப்பாணத்து நண்பர் போன மாசம் வேற இழையில சொன்னத ஞாபகப்படுத்துதேன். 2017 அக்டோபர்ல இலங்கையையும் சேத்து ஆறு நாட்டுல, பக்கங்கள் போடுற பதிவ எல்லாம் முக்கிய ஓடையிலேந்து தூக்கி தனியா ஒரு ஓடையில போட்டு ஃபேஸ்புக்கு சோதிச்சுப் பாத்துச்சு, காசு கட்டுன பதிவு மட்டும் பழைய எடத்துலயே நின்னுச்சு. 2018 மார்ச்சுல நிறுத்திட்டாங்க. அதுக்கு நடுவுல, 2018 ஜனவரிலதான் சொந்தபந்தம், கூட்டாளிங்க பதிவுக்கு முன்னுரிமை, கம்பெனிங்க போடுறது இனி கொறையும்னு ஜக்கர்பர்க்கே எழுதுனாரு. இது மடைய அடைக்கிறது மட்டுமில்ல, வாய்க்காலையே வேற பக்கம் வெட்டி விடுறது. அதுக்கும் உங்க சொல்லு தாங்குமா?

வீரவநல்லூர்

---

மறு: மறு: மறு: மறு: மறு: ஆர்கானிக் ரீச்சுக்கு தமிழ்ல என்ன?

டீச்சர்,

கடைமடைய வாபஸ் வாங்கிக்கிடுதேன். நீங்க சொன்னது சரி, நான் அழகுக்கு ஆசப்பட்டுட்டேன். ஒரு சால்ஜாப்பு மட்டும் சொல்லிக்கிடுதேன், பெரிய பக்கத்துக்கு 2 சதவீதம்னாலும் அஞ்சு லட்சத்துல அது பத்தாயிரம் தலை, மைனிக்கு அதவிடக் கொஞ்சம் கூட சதவீதம் வந்தும் தலை நூத்திச் சொச்சந்தான். சதவீதத்துல அவன் காயுதான், சட்டியில இவியதான் காயுதாவ. ஆனா கலைச்சொல்லு அட்டவணைக்கு இந்த வியாக்யானம் எல்லாம் எழுத முடியாது, அதனால கடைமடை வேண்டாம்.

மடையனுக்கு வாரேன். மடையத் தொறக்க தண்ணிக்குள்ள முங்குனவர மடையன்னாங்க, அதுதான் திட்டா மாறிப்போச்சுன்னு ஒரு கதை வாட்ஸப்புல சுத்துது, பாதிப் பேரு அத நம்பவும் செய்யுதாவ. அகராதிய எடுத்தா திட்டு மடையன் மடமைலேந்து வாரவன், வாய்க்கால் மடைக்கும் அவனுக்கும் ஒட்டும் கெடையாது உறவும் கெடையாது. போதாக்கொறைக்கு சாமிக்குப் படைக்கிற சோத்துக்கும் மடைன்னுதான் பேரு, அங்கேந்து வந்ததுதான் மடைப்பள்ளி, நெல்லையப்பர் கோயில் மடைப்பள்ளிய யாரும் முட்டாப்பள்ளின்னு நெனைக்கலயே. பயலுவ சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும், சிரிச்ச சொல்லு மறக்காது.

அப்பார்ட்மெண்ட்டுப் பிள்ளைக்குத்தான் எங்கிட்ட பதில் கொறைவா இருக்கு. மடை திறந்த வெள்ளம் மாரி பேசுதாருன்னு மேடையில இன்னைக்கும் சொல்லுதாங்க, வயலப் பாக்காதவனுக்கும் அது புரியுது, அந்த அளவு போதும்னு நெனைக்கேன். ஆர்கானிக்குங்க சொல்லு மட்டும் வெள்ளக்காரப் பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிரிச்சு, சொல்லுங்க.

வாய்க்கால வேற பக்கம் வெட்டுறதுக்கு வேற சொல்லுதான் வேணும், மடைப்பாய்வுல அத திணிக்கப்படாது. அது ஓடை மாத்து. 2016ல இன்ஸ்டாகிராமு நேர வரிசைய விட்டுட்டு தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்துறேன்னு ஆரம்பிச்சப்பவும் நடந்தது அதுதான். சனங்க தங்களுக்கு வாரதுல 70 சதவீதத்த பாக்காமலே விட்டுருதாங்க, அதனால முக்கியமானத முன்னாடி வைக்கேன்னு அதுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. முக்கியம்னு முடிவு பண்ணுறது யாருன்னு கேட்டா திரும்ப மடைக்கரைக்குத்தான் வந்து நிக்கணும்.

ஆக அட்டவணைல மடைப்பாய்வு, இறைப்பு, தலைக்கணக்கு, தடவைக்கணக்கு நாலையும் கேள்விக்குறியோட போட்டு வைக்கேன், வார ஞாயிறு வரைக்கும் யாருக்காவது வேற தோணுனா எழுதுங்க. கோவில்பட்டி ஐயாவோட கரிமமும் ஓரமா இருக்கட்டும், அழிக்கல.

ஒண்ணு மட்டும் பாக்கி. பதிவுக்குக் கீழ நீலக் கலர்ல நிக்குமே, பூஸ்ட்டு பண்ணுங்கன்னு, அந்த பட்டனுக்கு என்ன வைக்க? "இறை"ன்னு ஒத்தச் சொல்லா போட்டா சாமி பட்டன்னு நெனைச்சு கும்பிட்டுட்டுப் போயிருவாவ. மைனிட்ட கேட்டேன், "அத நான் அமுக்குறதே இல்ல, அதுக்கு எதுக்குல பேரு"ன்னுட்டு வடகம் காயப்போட மாடிக்குப் போயிட்டாவ.