ஆய்வுக்காக மாத்திரை போட்டுக்கொண்டு, மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அரைத்தூக்கம்:
லோரசெபாம் ஆய்வு. பதற்றத்தைத் தணிக்கும் மருந்து அது, புது விஷயங்கள் நினைவில் பதிவதையும் கெடுக்கும். அசல் மாத்திரையா டம்மியா என்பது எனக்கும் தெரியாது, கையில் கொடுத்தவருக்கும் தெரியாது. உள்ளே வரிசையாக முகங்கள் வந்தன. ஆணா பெண்ணா என்று பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். லேசாகக் கண் சொக்கியது, மற்றபடி சரியாகத்தான் இருந்தேன். வெளியே வந்ததும் அதே முகங்களைப் புது முகங்களோடு கலந்து காட்டினார்கள். நெற்றியில் தழும்போடு ஒரு ஆள். "சத்தியமாக இவரைப் பார்க்கவே இல்லை" என்றேன். ஆய்வெல்லாம் முடிந்த பிறகு சொன்னார்கள்: உள்ளே 2 தடவை காட்டியிருக்கிறார்கள், 2 தடவையும் நான் சரியாக அழுத்தியிருக்கிறேன். அப்போது அழுத்தியது யார் என்று இன்னும் உறுத்துகிறது.

கோடைமழை:
எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடாதீர்கள். அந்தக் கடகட சத்தத்தில் யாருக்குத்தான் முகம் மனதில் நிற்கும்? என்னுடையது மெத்தில்ஃபெனிடேட், கவனத்தைக் கூட்டும் மருந்து. திரையில் வரும் எழுத்து, 2 எழுத்துக்கு முன்னால் வந்ததா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் கத்தி மாதிரி இருந்தேன். "இது அசல்தான், பந்தயம்" என்று டெக்னீஷியனிடம் பீற்றிக்கொண்டேன். அதுதான் டம்மி நாள். அசலைப் போட்ட அன்று இதயம் கொஞ்சம் படபடத்தது, வேறொன்றும் தெரியவில்லை. ஆக, நமக்குத் தோன்றுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மூக்கரிப்பு:
நான் காலையில் காபி குடித்ததை மறைத்துவிட்டு உள்ளே போனேன். பாதியில் மனசு கேட்காமல் ஆளைக் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த பந்தை அமுக்கிச் சொல்லிவிட்டேன். அன்றைய பதிவு போச்சு. என் கதை இவ்வளவுதான்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், காபி விஷயத்தில் பொய் சொல்லாதீர்கள். அந்த மெஷின் நரம்பு செல்லை நேரடியாகப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைப் பார்க்கிறது. விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டியது இதைத்தான். நீங்கள் யோசித்து 5, 6 நொடி கழித்துத்தான் சிக்னல் உச்சத்துக்கு வரும். காபியோ மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அப்போது சிக்னல் மாறினால் கவனம் மாறியதாலா, குழாய் சுருங்கியதாலா? ஆய்வு மருந்துக்கும் இதே வம்பு உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் சில இடங்களில் நடுவே மூச்சை அடக்கச் சொல்வார்கள், சும்மா மின்னும் கட்டங்களைப் பார்க்கச் சொல்வார்கள். எரிச்சல்படாமல் செய்யுங்கள். அப்புறம், படுக்கும் முன் பாத்ரூம் போய்விடுங்கள். தலையை ஆட்டாதீர்கள், சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே பதிவு கெடும். மூக்கு அரிக்கும், கட்டாயம் அரிக்கும். ஒரு சுற்று முடியும்வரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம்:
மூக்கரிப்பு, நன்றி, ஆனால் நான் யோசனை கேட்கவில்லையே! கோடைமழை, டம்மி நாளிலும் அதே மெஷின், அதே சத்தம்தான். அன்றைக்குக் காட்டியது வேறு முகங்கள். பெரும்பாலானவர்களை அடையாளம் சொல்லிவிட்டேன். சத்தம்தான் காரணம் என்றால் அன்றும் கோட்டை விட்டிருக்க வேண்டாமா? நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான என் ஹிப்போகேம்பஸின் படம் கிடைக்குமா என்று கேட்டேன். ஒரு ஆளின் படத்தை வைத்து மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் என்று சொல்லி, சாதாரணத் தலைப் படம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். பக்கவாட்டில் என் மூக்கு நன்றாக விழுந்திருக்கிறது. தழும்புக்காரரின் படத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.