மறு: [கலைச்சொல்] டர்போ இல்லாத டீசல் இன்ஜினை எப்படிச் சொல்வது?

> கையேட்டில் "இயற்கையாகச் சுவாசிக்கும் இயந்திரம்" என்று இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. 'இயற்கை' என்றதும் எங்கள் பக்கம் எருவும் பஞ்சகவ்யமும்தான் நினைவுக்கு வரும். 'சுவாசம்' தப்பில்லை, ஆனால் மன்னார்குடிப் பட்டறை எதிலும் அந்தச் சொல் நுழையாது.

பொருளிலிருந்து வருவோம். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று அதை நிரப்ப வருகிறது. காற்றைப் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளிவிடும் டர்போ என்ற கருவி இதில் கிடையாது. அரை லிட்டர் சிலிண்டர் உள்ள பம்புசெட்டு நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடினால், நாலு ஸ்ட்ரோக் (இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் காற்று எடுப்பது) என்பதால் 750 தடவை காற்று எடுக்கும். முழுசாக நிரம்பினால் 375 லிட்டர். ஆனால் நிரம்பாது. ஏர் கிளீனர், குழாய் வளைவு, வால்வு வாய் என்று வழியெல்லாம் தடை.

போன வருஷம் குறுவை அறுப்பும் சம்பா நாற்றும் ஒன்றாக வந்த சமயம், எங்கள் இன்ஜின் கரும்புகை தள்ளியது, தண்ணீரும் குறைந்தது. பவர் போதவில்லை என்று இன்ஜினுக்குள் டீசல் செலுத்தும் பம்ப்பில் செட்டிங்கை ஏற்றச் சொன்னேன். புகைதான் கூடியது. இந்த மாதிரி பம்புசெட்டு டீசல் இன்ஜினில் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு இல்லை. வருகிற காற்று வரும், கூட்டிக் குறைப்பது டீசலை மட்டும்தான். காற்று போதாத இடத்தில் டீசலை ஊற்றினால் பாதி எரிந்து பாதி கரியாகத்தானே போகும்.

மெக்கானிக் ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே தூசி பிடிப்பதற்காக ஊற்றும் ஆயில் களியாகக் கிடந்தது, நெல் சுணையும் பதரும் அப்பி. பக்கத்து வயலில் நாலு நாள் அறுவடை மெஷின் ஓடியதன் வரவு. கம்பி வலையை டீசலில் அலசி, புது ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றினார். (கோட்டைத் தாண்டினால் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்து கண்மண் தெரியாமல் ஓடும், ஜாக்கிரதை.) அப்புறம் தகரக் கொட்டகைக்குள் இருந்த காற்றுக்குழாயின் வாயை வெளியே நிழல் பக்கம் நீட்டிவிட்டார். உள்ளே 45 டிகிரி, வெளியே 36 என்று வைத்துக்கொண்டால், அந்த ஒன்பது டிகிரிக்கே ஒரு மூச்சுக் காற்றின் எடை ஏறக்குறைய 3 சதவீதம் கூடும். செட்டிங்கைப் பழைய இடத்துக்கே இறக்கினோம். புகை நின்றது, தண்ணீர் பழையபடி விழுந்தது.

வால்வு வாயைத் தேய்த்து வழவழப்பாக்கலாமா என்றும் கேட்டேன். முறைத்தார். நியாயம்தான், பல டீசல் இன்ஜின்களில் வால்வுக்குப் போகும் அந்த வழியின் வளைவுதான் காற்றைச் சுழலவிட்டு டீசலோடு கலக்க வைக்கிறது.

"இது தானா இழுத்துக்கிற இன்ஜின் சார், வழி விட்டாத்தானே இழுக்கும்" என்றார். அதிலிருந்து எடுத்ததுதான் தன்னிழுப்பு இன்ஜின்.

> இழுப்பு என்றால் ஆஸ்துமா அல்லவா?

ஆமாம், எனக்கும் அது உறுத்தியது. 'தன்மூச்சு' என்று மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் 'மூச்சு வாங்குது' என்று ஒரு நோயாளி உட்கார்ந்திருக்கிறார். இரண்டில் 'தன்னிழுப்பு' பட்டறை வாயிலிருந்து வந்தது, வேலை நடக்கும் விதத்தையும் சொல்கிறது. 'தன்' முன்னால் ஒட்டியதும் நோய் வாடை போய்விடுகிறது என்பது என் கணிப்பு. டர்போவுக்குத் 'துருத்தி' என்று வைக்க ஆசைதான், ஆனால் டிராக்டர் ஓட்டும் பிள்ளைகள் வாயில் டர்போ ஊறிவிட்டது. விட்டுவிடுவோம்.

கூடவே இன்னொன்று. சிலிண்டர் கொள்ளளவில் எவ்வளவு காற்று உண்மையில் புகுந்தது என்பதற்குக் 'கனஅளவுத் திறன்' என்று எழுதுகிறார்கள். நான் 'நிரப்பு விகிதம்' என்பேன். மரக்காலில் நெல் அளப்பது போலத்தான்: தலை தட்டி அளந்தால் ஒரு கணக்கு, குவித்து அளந்தால் ஒரு கணக்கு. டர்போ குவித்து அளக்கிறது. எங்கள் பம்புசெட்டு தலைதட்டுக்கும் கொஞ்சம் கீழேதான் நிற்கும். கிண்ணத்தைக் கழுவுவதும் குழாயை நிழலுக்குத் திருப்புவதும் அந்தக் குறையை அடைக்கத்தான்.

அந்த அடிக் கிண்ணத்துக்கு நாகை, திருவாரூர்ப் பக்கம் என்ன பெயர் சொல்கிறார்கள்? இங்கே சிலர் கிண்ணம் என்கிறார்கள், சிலர் தொட்டி. நம் கலைச்சொல் அகராதியில் எதைப் போடுவது?