தாத்தா நினைவு நாளுக்கு எந்தப் படம்?

கயல்: சனிக்கிழமை தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்று மாலை மொட்டை மாடியில், அவர் விரும்பிப் பார்த்த இத்தாலியப் படங்களில் ஒன்றைப் போடலாம் என்கிறார் அப்பா. சோபியா லாரன் நடித்த 'டூ விமன்' சரிவருமா?

சித்தி: நல்ல யோசனை. ஆஸ்கர் வாங்கிய முதல் இத்தாலிய நடிகை அவர்தானே?

பெரியப்பா: இல்லை, சுமதி. சோபியா லாரன் அந்த விருதைப் பெற்றது 1962இல். 1956இலேயே 'தி ரோஸ் டாட்டூ' படத்துக்காக அன்னா மன்யானி அதை வாங்கிவிட்டார். அந்தப் படத்துக்கு மூலமான நாடகத்தை அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் எழுதியதே மன்யானியை மனத்தில் வைத்துத்தான் என்பதும், தம் ஆங்கிலம் மேடைக்குப் போதாது என்று அவர் தயங்கியதால் 1951இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் மொரீன் ஸ்டேபிள்டன் அந்த வேடத்தை ஏற்றார் என்பதும் அப்பா நமக்குப் பலமுறை சொன்ன கதைகள். அப்பா மதித்த நடிகை மன்யானிதான்.

சித்தப்பா: அண்ணன் தொடங்கிவிட்டார்.

பெரியப்பா: 'டூ விமன்' படத்தின் தாய் வேடமே முதலில் மன்யானிக்குத்தான் பேசப்பட்டது, மகளாக நடிக்கவிருந்தவர் லாரன். லாரனுக்குத் தாயாக நடிக்க மன்யானி இசையவில்லை. கடைசியில் லாரனே தாயானார்.

சித்தி: நம் வீட்டுப் பொங்கல் நாடகத்திலும் ஒருவர் எனக்குத் தாயாக நடிக்க மறுத்தார்.

அத்தை: உனக்கும் எனக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம், சுமதி.

மாமா: அந்த வழக்கு இன்னும் முடியவில்லையா?

கயல்: மன்யானி நாடகத்திலிருந்து வந்தவரா, பெரியப்பா?

பெரியப்பா: 1908இல் பிறந்து, பாட்டியிடம் வளர்ந்து, ரோமிலேயே நடிப்புப் பயின்றவர். இரவு விடுதிகளில் பாடினார். போர்க்காலத்தில் நகைச்சுவை நடிகர் டோட்டோவுடன் பாட்டும் கேலியுமான மேடை நிகழ்ச்சிகளில் நடித்தார். கடைசி வரிசைக்காரரையும் அசையவிடாமல் உட்கார வைக்கும் வித்தையை அங்கேதான் கற்றார் என்பது என் எண்ணம். 1945இல் வந்த, இயக்குநர் ரொசெல்லினியின் 'ரோம், ஓப்பன் சிட்டி' படத்தில், ஜெர்மானியர் பிடித்துச் செல்லும் வருங்காலக் கணவனின் வண்டிக்குப் பின்னால் அலறியபடி ஓடி, சுடப்பட்டு அவர் விழும் காட்சியில் நடிப்பு என்பதே நினைவுக்கு வராது.

அப்பா: குழந்தைகள் இருப்பார்கள். அந்தப் படம் வேண்டாம்.

சித்தப்பா: ரொசெல்லினி தம் காதலி மன்யானியை விட்டு நடிகை இங்க்ரிட் பெர்க்மனிடம் போன கதையைச் சொல்லவில்லையே?

பெரியப்பா: அவர்கள் ஸ்ட்ரோம்போலித் தீவில் படமெடுத்த அதே 1949இல், பக்கத்து வல்கானோ தீவில் மன்யானி போட்டிப் படம் ஒன்றில் நடித்தார், பத்திரிகைகளுக்கு நல்ல வேட்டை. அந்த வம்பை விடுங்கள். விஸ்கோந்தி இயக்கி 1951இல் வந்த 'பெல்லிசிமா'வைப் போடலாம். மகளை எப்படியாவது சினிமாவில் சேர்த்துவிட அலையும் ஓர் ஏழைத் தாய், படம் காட்டும் அறையில் ஒளிந்து நின்று, குழந்தையின் சோதனைக் காட்சியைப் பார்த்து ஸ்டூடியோக்காரர்கள் கேலியாகச் சிரிப்பதைக் கண்டுவிடுகிறாள். பிறகு ஒப்பந்தம் வீடு தேடி வந்தும் கையெழுத்திட மறுக்கிறாள்.

அத்தை: பெற்ற பிள்ளையைப் பாட்டுப் போட்டி பாட்டுப் போட்டி என்று அலைக்கழித்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம்.

சித்தி: யாரைச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது, மதினி.

கயல்: பிறகு மேடைக்குத் திரும்பவே இல்லையா?

பெரியப்பா: திரும்பினார். 1962இல் பசோலினியின் 'மம்மா ரோமா' வந்த பிறகு, அவருடைய வயதுக்கும் வேகத்துக்கும் ஏற்ற வேடங்கள் திரையில் அருகிவிட்டன. 1965இல் செஃபிரெல்லி இயக்கிய 'லா லூபா' நாடகத்தில் நடித்தார். கடைசியாக, 1972இல் வந்த ஃபெல்லினியின் 'ரோமா'வில் தம் வீட்டு வாசலில் தாமாகவே தோன்றி, உம்மை நம்பமாட்டேன் என்று இயக்குநரிடம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு காலமானார்.

மாமா: அப்படியானால் 'பெல்லிசிமா'. தமிழில் சப்டைட்டில் உண்டா?

கயல்: ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, மாமா.

பெரியப்பா: கவலை வேண்டாம். நான் பக்கத்தில் நின்று காட்சிக்குக் காட்சி விளக்குகிறேன்.

சித்தப்பா: 'டூ விமன்' படத்தையே போட்டுவிடலாம்.

அப்பா: அதிலும் போர்க் கொடுமைகள் உண்டு. முதலில் புரொஜெக்டர் யாரிடம் இருக்கிறது?

சித்தி: போன தீபாவளிக்கு மதினி வீட்டுக்குப் போனது.

அத்தை: நான் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.