கீசர் பிளக் கருகியது: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

அம்மா (காலை 6:42)
குளியலறையில் பிளாஸ்டிக் கருகிய வாசனை. கீசர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் இப்படி இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன்.

நான் (6:50)
சாக்கெட்டில் நியூட்ரல் ஓட்டை (கரண்ட் திரும்பிப் போகிற பக்கம்) முழுக்கக் கறுத்துவிட்டதே! பிளக்கின் உலோகப் பின் கூட நீலம் பாய்ந்திருக்கிறது. இனி அதைத் தொடாதீர்கள் அம்மா. எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாகவே அணைகிற சுவிட்ச்) இறங்கவில்லையா?

அம்மா (6:52)
இறங்கவில்லை. தண்ணீர் எப்போதும் போலத்தான் சுட்டது.

அக்கா (7:03)
அப்படியென்றால் எம்சிபிதான் கெட்டிருக்கும். அதை மாற்றிவிடலாம்.

மாமா (7:15)
எம்சிபி மேல் தப்பிருக்காது. என் அக்கா, அதாவது உங்கள் அம்மா, கீசர் எம்சிபியை இறக்கி வைக்கட்டும். மீட்டரோடு வருகிறேன்.

மாமா (9:05)
அளந்தாயிற்று. சில நிமிடம்தான் ஓட விட்டேன். எம்சிபிகள் இருக்கிற டிபி பாக்ஸில் 225 வோல்ட். கீசர் மூடியைக் கழற்றி உள்ளே டெர்மினலில் வைத்தால் 214. கிளாம்ப் மீட்டரில் 8.1 ஆம்ஸ். பாப்பா எழுந்துவிட்டாளா? பத்தாம் வகுப்பில் இந்தப் பாடம் இருக்கிறதே, கணக்குப் போடட்டும்.

அக்கா மகள் (9:11)
எழுந்துவிட்டேன் தாத்தா. மின்தடை = 214 ÷ 8.1 = 26.4 ஓம். மின்திறன் = 214 × 8.1 = 1733 வாட்ஸ். ஆனால் கீசரில் 2000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறதே. உள்ளே காயில் போய்விட்டதா?

மாமா (9:14)
அந்த 2000 என்பது 230 வோல்ட் வந்தால். 230 × 230 ÷ 2000 போட்டுப் பார்.

அக்கா மகள் (9:15)
26.45! என் விடையும் ஏறக்குறைய அதுதான்.

மாமா (9:17)
அப்போது காயிலில் ஒரு குறையும் இல்லை. டிபியில் 225, கீசரில் 214. நடுவில் 11 வோல்ட் எங்கே போனது?

அக்கா மகள் (9:20)
வயரிலா? 11 × 8.1 = 89 வாட்ஸ். கீசருக்கு வராமல் வழியிலேயே சூடாகிறது!

மாமா (9:24)
வயரில் கொஞ்சம்தான். டிபியிலிருந்து 10 மீட்டர், போக வர 20 மீட்டர். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர், கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். கீசருக்கு 2.5 ஸ்கொயர் போட்டிருக்க வேண்டும், அதை அப்புறம் பேசுவோம்.

அக்கா மகள் (9:28)
20 மீட்டருக்கு 0.24 ஓம். 8.1 ஆம்பியரில் சுமார் 2 வோல்ட்தான் வருகிறது. மீதி 9 வோல்ட்?

மாமா (9:31)
அந்தக் கறுத்த ஓட்டையில். 9 ÷ 8.1, ஒரு ஓமுக்குச் சற்று மேல். 9 × 8.1, கிட்டத்தட்ட 73 வாட்ஸ். எரிகிற 60 வாட்ஸ் குண்டு பல்பில் கை வைக்க முடியுமா? அதைவிட அதிகச் சூடு, விரல் நுனி அளவு இடத்தில், தினமும் காலையில்.

நான் (9:33)
அப்புறம் ஏன் மாமா எம்சிபி இறங்கவில்லை?

மாமா (9:38)
அது 16 ஆம்ஸ் எம்சிபி. அளவுக்கு மேல் கரண்ட் போனால்தான் இறங்கும். இங்கே போவது 8.1. லூஸ் காண்டாக்ட் தடையைக் கூட்டுகிறது, அதனால் கரண்ட் குறையத்தான் செய்யும். எம்சிபி கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். வீட்டு வயரிங்கில் நான் மிகவும் பயப்படுவது இந்த மாதிரிக் கோளாறுக்குத்தான். ஷார்ட் ஆனால் பட்டென்று இறங்கிவிடும், இது சத்தமில்லாமல் வேகும்.

மாமா (10:50)
சாக்கெட்டைக் கழற்றிவிட்டேன். நியூட்ரல் ஸ்குரூ ஒன்றரைச் சுற்று லூஸ். வயரின் மேல்தோல் காய்ந்த முருங்கைக் குச்சி போல் ஒடிகிறது. கருகிய நுனியை வெட்டிவிட்டு நல்ல செம்பு வரும்வரை சீவினேன். புது 16 ஆம்ஸ் சாக்கெட், பிளக்கும் புதிது. இப்போது டிபியில் 225, கீசரில் 223, கரண்ட் 8.4.

அக்கா மகள் (10:54)
223 ÷ 8.4 = 26.5 ஓம், தடை மாறவில்லை. 223 × 8.4 = 1873 வாட்ஸ். 140 வாட்ஸ் கூடியிருக்கிறது. அப்படியானால் அம்மாச்சிக்கு ஏன் வித்தியாசம் தெரியவில்லை?

மாமா (10:57)
15 லிட்டர் டாங்க். 30 டிகிரி ஏற்ற முன்பு 18 நிமிடம், இனி 17. ஒரு நிமிடத்தை யார் கவனிப்பார்கள்?

அக்கா (11:02)
எங்கள் வீட்டில் 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பை 6 ஆம்ஸ் ஜங்ஷன் பாக்ஸில்தான் மாட்டியிருக்கிறோம். அதே பாக்ஸில் மிக்ஸியும்.

அக்கா மகள் (11:03)
அம்மா! 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர்!

மாமா (11:04)
இன்றைக்கே 16 ஆம்ஸ் பவர் பிளக்குக்கு மாற்று. ஜங்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எல்லாரும் ஒரு காரியம் செய்யுங்கள். கீசர், அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதுவானாலும் பத்து நிமிடம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பின்னைத் தொடாதீர்கள்.

சித்தி (11:26)
அண்ணா, இஸ்திரிப் பெட்டி 750 வாட்ஸ்தான். ஆனால் பிளக்கில் கை வைக்க முடியவில்லை.

மாமா (11:27)
750க்கு 3.3 ஆம்ஸ்தான், அதற்கு இவ்வளவு சூடு வரக்கூடாது. பெட்டியை எடுத்து வை, அந்தப் பாயிண்டில் எதையும் மாட்டாதே. மாலை ஐந்து மணிக்கு வருகிறேன்.