மைக்ரோஃபைபர் மாப்: வாடை, வெள்ளைக் கோடு, எதை வாங்குவது?

திண்ணைவீடு:
வணக்கம். ஹாலும் இரண்டு அறைகளும் விட்ரிஃபைடு டைல்ஸ், முன்கட்டில் ஆத்தங்குடி கல். எல்லாம் சேர்த்து 900 சதுர அடி வரும். போர் தண்ணீர், உப்பு அதிகம். ஸ்பின் மாப் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. தரை காய்ந்ததும் டைல்ஸில் கோடு கோடாக வெள்ளை தெரிகிறது, மாப்பில் ஊறல் வாடை. புதிதில் உறிஞ்சிய அளவுக்கு இப்போது உறிஞ்சவும் இல்லை. தினமும் பக்கெட்டில் இரண்டு மூடி வெள்ளை பினாயில். வாரம் ஒருமுறை சோப்புத்தூளில் ஊறவைத்து, வாசனைக்குத் துணி கண்டிஷனரில் அலசுகிறோம். மாப்பை மாற்ற வேண்டுமா, முறையை மாற்ற வேண்டுமா? தட்டை மாப் நல்லது என்கிறார்கள், அதில் எதைப் பார்த்து வாங்குவது?

நூலிழை:
மாப்பைத் தூக்கிப் போடாதீங்க. முதல்ல கண்டிஷனரை நிறுத்துங்க, பாதிக் கோளாறு அதுலதான் இருக்கு.

மைக்ரோஃபைபர்ங்கறது பாலியஸ்டரும் நைலானும் சேர்ந்த இழை. பெரும்பாலும் 80க்கு 20, சிலதுல 70க்கு 30. ஒவ்வொரு இழையையும் நீளவாக்குல பிளந்திருப்பாங்க. அந்தப் பிளவுக்குள்ளதான் தண்ணியும் அழுக்கும் போய் உட்காரும். கண்டிஷனர் துணியை மெதுவாக்குறதே இழை மேல ஒரு பூச்சு விட்டுத்தான். அந்தப் பூச்சு பிளவை அடைச்சிடும். பினாயில்ல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் அதையேதான் செய்யும். கரையாத சோப்புத்தூளும் போர் தண்ணி உப்பும் அதுக்கு மேல படியும். பிசுக்குல ஈரம் தங்குறதால கிருமி வளர்ந்து வாடை வருது.

மீட்க ஒரு மணி நேரம் போதும். மாப் தலையைத் தட்டுலேர்ந்து கழட்டி, உதறி, சிக்கியிருக்கிற முடியை எடுத்துடுங்க. கை பொறுக்கிற சூட்டுல 4 லிட்டர் தண்ணி, துணி துவைக்கிற லிக்விட் ஒரு டீஸ்பூன், அரை மணி நேரம் ஊறட்டும். கசக்கி, நுரை சுத்தமா போற வரைக்கும் அலசுங்க. அப்புறம் வேற 4 லிட்டர் தண்ணியில ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு 20 நிமிஷம். உப்புப் படிவு அதுலதான் கரையும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில இருக்கட்டும். கொதிக்கிற தண்ணி வேண்டாம், இழை சுருங்கி முரடாயிடும். பிளீச்சிங் பவுடர் நைலானை அரிக்கும். அதோட வினிகர் சேர்ந்தா குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. ரெண்டையும் ஒரே நாள்ல வெளியில எடுக்கவே எடுக்காதீங்க.

கோடு எதனாலன்னு கண்டுபிடிக்க, காய்ஞ்ச தரையில விரலால தேய்ச்சுப் பாருங்க. மாவு மாதிரி ஒட்டினா உப்பு. இழுவி மினுமினுன்னு பரவினா பினாயில். உங்க விஷயத்துல ரெண்டுமே இருக்கும்னு நினைக்கிறேன்.

கல்லும்சுண்ணாம்பும்:
மேலே சொன்ன வினிகர் மாப்புக்கு மட்டும். ஆத்தங்குடி கல் சிமெண்டில் செய்தது, நெருப்பில் சுட்டதல்ல. வினிகர், எலுமிச்சை, ஆசிட் எது பட்டாலும் மேல்பூச்சு மங்கி வழவழப்புப் போய்விடும். சிவப்பு ஆக்சைடு தரைக்கும் மார்பிளுக்கும் இதே கதிதான். நிறையத் தண்ணீர் விட்டாலும் கல் குடித்துக்கொண்டு, காயும்போது உப்பை மேலே தள்ளும். முன்கட்டை நன்றாகப் பிழிந்த பேடால் (தட்டை மாப்பின் அடியில் ஒட்டிக் கழற்றும் துணி), நல்ல தண்ணீர் மட்டும் வைத்துத் துடையுங்கள். ஒரு நிமிடத்தில் காய்கிற ஈரம் இருந்தால் போதும். எண்ணெய் தொட்டு மெருகேற்றும் வழக்கம் இருந்தால் அதற்குப் பழைய வேட்டித் துணி. மைக்ரோஃபைபரில் ஏறிய எண்ணெய் எளிதில் இறங்காது.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு தட்டை மாப். ஸ்பின் மாப்பில் அழுக்கை அலசிய அதே தண்ணீரில்தான் மறுபடி முக்குகிறோம். மூன்றாவது அறைக்குப் போகும்போது முதல் அறை அழுக்கும் கூடவே போகிறது. தட்டை மாப்பில் பேட்களை முன்கூட்டியே நனைத்துப் பிழிந்து வைத்துக்கொண்டு, அறைக்கு ஒன்றாக மாற்றலாம். மருத்துவமனைகளில் பின்பற்றும் முறை இதுதான். 40 செ.மீ. பேட் ஒன்று 150 முதல் 200 சதுர அடிக்குத் தாங்கும், ஆகவே உங்களுக்கு ஆறு பேட் வேண்டும்.

வாங்கும்போது பேடின் கலவையைப் படியுங்கள். 100 சதவீதம் பாலியஸ்டர் என்றிருந்தால் தூசிக்குச் சரி, தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. வெறும் உள்ளங்கையால் தடவினால் நல்ல இழை தோலில் மெல்லப் பற்றும். வழவழவென்று நழுவினால் வேண்டாம். வளையம் வளையமாக நெய்த பேட் டைல்ஸ் துடைக்க, புழு புழுவாகத் தொங்குவது உலர்ந்த தூசியும் முடியும் வாங்க. தலை கட்டிலுக்கு அடியில் படுக்கிறதா, கைப்பிடி உங்கள் தாடை உயரம் வருகிறதா என்று நின்று பாருங்கள். உயரம் குறைந்தால் இடுப்பு வலிதான் மிச்சம். கைப்பிடியும் தட்டும் சேரும் முட்டு பிளாஸ்டிக்காக இருந்தால் முதலில் உடைவது அங்கேதான்.

திண்ணைவீடு:
நன்றி. பேடை வாஷிங் மெஷினில் போடலாமா? பினாயில் இல்லாமல் சுத்தமாகுமா என்று அம்மா கேட்கிறார்கள்.

நூலிழை:
தாராளமா போடலாம். ஆனா துண்டு, பனியன் கூட சேர்த்துப் போடாதீங்க. பருத்திப் பஞ்சு முழுக்க பேட்ல ஏறிக்கும், அடுத்த நாள் தரையெல்லாம் பஞ்சு. 40 டிகிரி, லிக்விட் கொஞ்சமா, கூடுதல் அலசல் ஒண்ணு, டிரையர் வேண்டாம். நிழல்ல காத்தோட்டமா கொடியில தொங்கவிடுங்க. பக்கெட்டுல சுருட்டிப் போட்டா மறுநாளே வாடை.

அம்மாகிட்ட சொல்லுங்க, பெருக்கிட்டுத் துடைச்சா தினசரித் தூசிக்கு வெறும் தண்ணியே போதும். இழைதான் அழுக்கை எடுக்குது, மருந்து இல்ல. பெருக்காம துடைச்சா கோலமாவும் மணலும் பேட்ல மாட்டி, தரையைக் கீறும். பினாயில் வேணும்னா வாரம் ஒருநாள், டப்பாவுல போட்டிருக்கிற அளவு மட்டும், அதுக்கப்புறம் வெறும் தண்ணியில ஒரு துடை. அதுக்குப் பழைய ஸ்பின் மாப்பையே வெச்சுக்கங்க. அளவு கூடினா தரை பிசுபிசுத்து, நடக்கிற காலடி எல்லாம் பதியும். பாத்ரூமுக்கு வேற நிறத்துல தனி பேட்.

கல்லும்சுண்ணாம்பும்:
துடைக்கும்போது பின்னோக்கி நடந்து, பாம்பு ஊர்வதுபோல் வளைத்து வாருங்கள். நடுவில் மாப்பைத் தூக்காதீர்கள், தூக்கினால் முன்விளிம்பில் சேர்ந்த அழுக்கு அங்கேயே கொட்டிவிடும். தட்டிலுள்ள வெல்க்ரோவில் முடி அடைத்தால் பேட் நழுவும், பழைய டூத் பிரஷ்ஷால் வாரத்துக்கு ஒருமுறை சீவிவிடுங்கள். ஸ்பின் மாப்புக்கு மாற்றுத் தலை வாங்குவதானால் தட்டின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. துவைத்துக் காய்ந்த பிறகும் இழை முரடாக இருந்து, டைல்ஸில் விட்ட ஒரு ஸ்பூன் தண்ணீரை ஒரே இழுப்பில் எடுக்காவிட்டால் அந்தப் பேடை ஜன்னல் கம்பி துடைக்கக் கொடுத்துவிடலாம்.