புதுப்பிப்பு: குறுக்குப் பெருக்கத்தில் நடு உறுப்பின் குறி

இரண்டு காவிகளுக்கும் (பருமனும் திசையும் உள்ள கணியங்கள்) செங்குத்தான காவியைத் துணிகோவை (determinant) போட்டு எடுக்கும் முறையான குறுக்குப் பெருக்கத்தைப் போன பதிவில் தந்திருந்தேன்: (a, b, c), (d, e, f) என்றால் விடை (bf − ce, −[af − cd], ae − bd). மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து உயர்தரப் பிள்ளைகள் அனுப்பிய விடைகளில் பெரும்பாலும் ஒரே பிழைதான்: நடு உறுப்புக்கு முன்னால் வரும் சயக் குறி (−) விடுபட்டிருக்கிறது.

(2, 1, −1), (1, 3, 2) என்ற காவிகளை எடுங்க. முதல் உறுப்பு 1×2 − (−1)×3 = 5. நடு உறுப்பு −[2×2 − (−1)×1] = −5. கடைசி 2×3 − 1×1 = 5. ஆகவே விடை (5, −5, 5). புள்ளிப் பெருக்கத்தால் (ஒத்த உறுப்புகளைப் பெருக்கிக் கூட்டுவது; செங்குத்தென்றால் 0 வரும்) இரண்டு காவிகளோடும் சரிபாருங்க: 10 − 5 − 5 = 0; 5 − 15 + 10 = 0. குறியை விட்டு (5, 5, 5) என்று எழுதினால் முதல் காவியோடு 10 வரும், பிழை உடனே தெரியும். இந்த இரண்டு சரிபார்ப்பு வரியையும் ஒருநாளும் விடாதீங்க.

அலகுக் காவி (பருமன் 1 ஆன காவி) கேட்டால் பருமன் 5√3 ஆல் வகுங்க: (1, −1, 1)/√3. இதன் எதிர்க்காவியும் செங்குத்துத்தான்.

குறுக்குப் பெருக்கத்தின் விடை எந்தத் திசையில் நிற்கும் என்று பார்க்க, மேசையில் கொப்பியை வையுங்க. இடது கீழ் மூலையில் வலக்கை விரல்களைக் கீழ் விளிம்பிலிருந்து இடது விளிம்புக்கு மடக்கினால் பெருவிரல் மேலே நிற்கும். வரிசையை மாற்றினால் மேசைக்குள் இறங்கும்.

விடை (0, 0, 0) என்றால் இரண்டும் சமாந்தரம், அல்லது ஒன்று பூச்சியக் காவி.